கண்டாங்கிச் சேலையில் எனக்கான ஒரு கவுன்

எங்கள் காரைக்குடியில் எந்தத் தையல் கடையில் போய் நின்றாலும் முதல் கேள்வி, "அளவு ஜாக்கெட் கொண்டாந்திருக்கீகளா?" என்பதுதான். கொடுத்துவிட்டால் டேப்பை எடுக்கவே மாட்டார்கள். அந்த ஜாக்கெட்டை மேசையில் விரித்து அதன் ஓரத்தையே கோடாகப் போட்டு வெட்டிவிடுவார்கள். அது எப்போது தைத்தது, அதற்கப்புறம் உடம்பு எவ்வளவு மாறியிருக்கிறது, அதிலேயே தோள் இறங்கித்தானே கிடந்தது என்பதெல்லாம் பேச்சிலேயே வராது. இதனால்தான் வருடக்கணக்காகத் தைத்துப் போடுகிற பெண்களுக்குக்கூடத் தன் தோள் எத்தனை அங்குலம் என்று தெரிவதில்லை. எனக்கு நானே ஒரு கவுன் தைக்க உட்கார்ந்தபோதுதான் என் உடம்பை நான் முழுசாக அளந்தேன். இந்தப் பதிவு அந்தக் கவுனைப் பற்றியது, அதைவிட அதிகமாக வெட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலையைப் பற்றியது. மெஷினை நேராக மிதிக்கத் தெரிந்த யாரும் ஒரு எளிய கவுனைத் தைத்துவிடலாம். அதை நம் உடம்புக்குப் பொருத்துவதுதான் உண்மையான வேலை, அதை நமக்கு யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை.

ரெடிமேட் குர்த்தி எடுத்தால் மார்புக்குச் சரியாக இருப்பது தோளில் தொங்குகிறது, தோளுக்குச் சரியாக இருப்பது மார்பில் இறுக்குகிறது. உடனே "என் உடம்பு வாகு அப்படி" என்று தன்னையே குறை சொல்லிக்கொள்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன், கேட்கவே வருத்தமாக இருக்கும். உடம்பில் ஒரு குறையும் இல்லை. கடையில் வருகிற அளவு யாரோ ஒரு சராசரிப் பெண்ணுக்கு வெட்டியது, அவ்வளவுதான். அமெரிக்காவில் 1939, 1940 ஆண்டுகளில் ரெடிமேட் துணிக்குப் பொது அளவு வேண்டும் என்று அரசாங்கமே ஏறக்குறைய 15,000 பெண்களை ஆளுக்கு 59 இடங்களில் அளந்தது. கணக்கில் சேர்த்தது வெள்ளைக்காரப் பெண்களின் அளவுகளை மட்டும். நம் நாட்டிலும் ஃபேஷன் படிப்புக்கான அரசு நிறுவனமான நிஃப்ட் 'இந்தியாசைஸ்' என்று பெயர் வைத்து ஆறு நகரங்களில் 25,000 பேரை ஸ்கேனர் வைத்து அளக்கும் வேலையைக் கையில் எடுத்தது. அவசியமான வேலை, சந்தேகமே இல்லை. ஆனால் சராசரி எவ்வளவு துல்லியமாக வந்தாலும் அது உங்கள் தோள் ஆகாது, என் தோளும் ஆகாது.

சரி, அளவுக்கு வருவோம். தனியாக எடுக்க முடியாது, நாம் கையைத் தூக்கினாலே அளவு மாறிவிடும். கூட ஓர் ஆள் வேண்டும், எனக்கு என் தங்கச்சி. இடுப்பில் ஒரு நாடாவைக் கட்டிக்கொண்டு, வழக்கமாகப் போடுகிற உள்ளாடையோடு, நிமிர்ந்து விறைக்காமல் சாதாரணமாக நிற்க வேண்டும். மூச்சை உள்ளே இழுக்கக் கூடாது, அப்படி எடுத்த அளவில் தைத்தால் வாழ்க்கை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் அந்தத் துணியைப் போட வேண்டும்.

எல்லோரும் எடுக்கிற அளவு மார்புச் சுற்றளவு. அதற்கு முன்னால் எடுக்க வேண்டிய ஓர் அளவு இருக்கிறது, அக்குளுக்கு அடியிலேயே டேப்பை விட்டு மார்புக்கு மேலாகச் சுற்றி எடுக்கிற மேல்மார்புச் சுற்றளவு. எலும்புக்கூட்டின் பருமனைக் காட்டுகிற அளவு இதுதான். எனக்கு மேல்மார்பு 34, மார்பு 38, தோள் 13½. மார்பை மட்டும் பார்த்து 38க்கு வெட்டினால் தோளும் கழுத்தும் கைக்குழியும் எல்லாமே 38க்கான ஆளுக்குப் போய்விடும், எனக்குத் தோள் வழிந்துகொண்டேதான் இருக்கும். வெளிநாட்டுப் பெரிய பேட்டர்ன் கம்பெனிகள் வரைகிற, துணியின் மேல் வைத்து வெட்டுவதற்கான மாதிரித் தாள்களில் பொதுவாக மேல்மார்புக்கும் மார்புக்கும் 2 அங்குல வித்தியாசம்தான் வைத்திருப்பார்கள். எனக்கு 4 அங்குலம். அப்படியென்றால் நான் எடுக்க வேண்டிய தாள் 36க்கானது, மீதி 2 அங்குலத்தை மார்பு இருக்கிற இடத்தில் மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தோளைப் பார்த்துத் தாளை எடு, மார்பை அப்புறம் சரிசெய். இந்த ஒன்று புரிந்த பிறகு எனக்குத் தையலே வேறு மாதிரி ஆகிவிட்டது.

இன்னொன்று, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தனித்தனியாக அளக்க வேண்டும். நம் ஊர்க் கணக்கு மார்பளவை நாலால் வகுத்து முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே கால் பாகத்தை வைப்பது. எனக்கு ஒரு பக்கத் தையலிலிருந்து மறுபக்கத் தையல் வரை முன்னால் 20½, பின்னால் 17½ வருகிறது. சமமாகப் பிரித்தால் முன்னால் இறுக்கி, பின்னால் தொளதொளவென்று, பக்கத் தையல் முன்னால் இழுத்துக்கொண்டு நிற்கும். அப்புறம் தோளிலிருந்து மார்பு முனை வரைக்கும் உயரம், இரண்டு முனைகளுக்கும் இடையிலுள்ள தூரம், தோளிலிருந்து மார்புக்கு அடி வரைக்கும் உயரம், புஜத்தின் சுற்றளவு. இடுப்புக்குக் கீழே பெருத்த இடத்தை நின்று ஒரு முறை, சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு முறை அளந்து பாருங்கள், எவ்வளவு கூடுகிறது என்று தெரியும். பந்தியில் தரையில் உட்காருகிற நமக்கு இது முக்கியம்.

துணிக்கு நான் எடுத்தது அப்பத்தாவின் கண்டாங்கி, எங்கள் பக்கத்துக் கட்டம் போட்ட பருத்தித் தறிச்சேலை. அரக்கில் மஞ்சள் கட்டம், கருப்புக் கரை. அப்பத்தா இதைப் பின்கொசுவம் வைத்துக் கட்டினவர்கள். சேலைக்கு அளவே கிடையாது, ஆறு கஜத்தை யார் எடுத்துச் சுற்றினாலும் அவர்களுக்குப் பொருந்திவிடும், உடம்பு பெருத்தாலும் இளைத்தாலும் கொசுவத்தில் ஒரு மடிப்பு கூடும் குறையும். வெட்டித் தைக்கிற துணிக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது, அதனால்தான் இவ்வளவு பாடு. நல்ல சேலையை ஏன் வெட்டுகிறாய் என்று அம்மா கேட்டார்கள், நியாயமான கேள்விதான். அதன் முந்தியிலும் உடலிலும் இரண்டு இடத்தில் கிழிசல் விழுந்திருந்தது, பெட்டியில் மடிப்பு மடிப்பாகக் கிடந்தால் மடிப்பிலேயே இற்றுப்போகும். போட்டுக்கொண்டு நடமாடினால் அப்பத்தாவின் துணி இன்னும் கொஞ்ச காலம் இருக்கும் என்று சொன்னேன், அம்மா சரி என்றுவிட்டார்கள். நல்ல நிலையில் இருக்கிற பழைய கண்டாங்கியை வெட்டாதீர்கள். புதிதாக வாங்கித் தைப்பதாக இருந்தால் தறித்துணியாகப் பார்த்து வாங்குங்கள். 2019இல் காரைக்குடிக் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, அதற்கப்புறம் பெயர் பரவியதால் அச்சுக் கட்டத்தையும் கண்டாங்கி என்று சொல்லி விற்கிறவர்கள் உண்டு. துணியைத் திருப்பிப் பாருங்கள், தறியில் விழுந்த கட்டம் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தத்தில் இருக்கும்.

வெட்டுவதற்கு முன் துணியை ஊறவைத்து அலசிக் காயப்போட வேண்டும், இதில் சமாதானமே கிடையாது. பருத்தி முதல் தண்ணீரில் சுருங்கும். அதோடு தறிச்சேலையில் கஞ்சி ஏறியிருக்கும், கஞ்சியோடு வெட்டினால் துணி விறைப்பாக நின்று எல்லாம் அழகாகப் பொருந்துகிற மாதிரித் தெரியும், முதல் சலவைக்கு அப்புறம் தொய்ந்து வேறு துணியாகிவிடும். அரக்குச் சாயம் இறங்குகிறதா என்று தனியாகப் பச்சைத் தண்ணீரில் அலசிப் பாருங்கள், தண்ணீர் தெளியும்வரை திரும்ப அலசுங்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள், துணியில் ஏறி முடிந்த சாயத்தை உப்பு பிடித்து நிறுத்தாது. கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே பாவும் (நெட்டு நூல்) ஊடையும் (குறுக்கு நூல்) நேராக நிற்கும்படி இழுத்துவிட்டு இஸ்திரி போடுங்கள்.

இப்போது கவுனின் வடிவம். முதலில் நான் நினைத்தது கீழே விரிகிற ஏ-லைன். கரை அதைத் தடுத்துவிட்டது. ஏ-லைனில் பக்கத் தையல் சாய்வாகப் போவதால் அது நடுவைவிட நீளம், அதனால் அடியை வளைவாக வெட்டினால்தான் சுற்றிலும் ஒரே மட்டத்தில் நிற்கும். கரை நேர்கோடு, அதை வளைக்க முடியாது. வளைக்காமல் விட்டால் இரண்டு பக்கமும் தொங்கும். அதனால் மார்புக்கு அடியில் ஒரு தையல், அதற்கு மேலே உடம்பை ஒட்டிய மேல்பாகம், கீழே கரையோடு நேராக வெட்டிய துணியைச் சுருக்கிப் பிடித்த பாவாடைப் பாகம் என்று வைத்துக்கொண்டேன். கரை வைத்த சேலையில் கவுன் தைக்கிற எவருக்கும் இதைத்தான் சொல்வேன். சுருக்கத்துக்கு மேல்பாகத்தின் அடிச் சுற்றளவைப் போல இரண்டு மடங்கு துணி போதும், 36 அங்குலச் சுற்றளவுக்கு 72 அங்குலம். கண்டாங்கி கனமான துணி, அதற்கு மேல் சுருக்கினால் இடுப்பில் பொம்மென்று நிற்கும். நடு வயிற்றில் சுருக்கத்தைக் குறைத்துப் பக்கங்களுக்கும் பின்னுக்கும் தள்ளிவிடுங்கள், தோற்றமே மாறும்.

இந்த வடிவத்தில் ஒரு பெரிய வசதி, இடுப்பும் தொடையும் பாவாடைப் பாகத்துக்குள் போய்விடுவதால் பொருத்த வேண்டியது மேல்பாகம் மட்டும்தான். முதல் முறை தைக்கிறவர்கள் இப்படி ஒன்றில் தொடங்குவது நல்லது.

சேலையின் அகலம் 48 அங்குலம். கரை அடியில் வர வேண்டும் என்றால் சேலையின் அகலம் கவுனின் உயரமாகிறது, அதாவது ஊடை நூல் உடம்பில் நெட்டுக்கு ஓடும். தவறில்லை, கொஞ்சம் விறைப்பாக நிற்கும், அவ்வளவுதான். 30 அங்குலத்தைப் பாவாடைக்கு எடுத்தால் மேலே 18 அங்குலத்துக்கு ஒரு பட்டை மறு கரையோடு மிஞ்சுகிறது, மேல்பாகமும் கையும் அதிலேயே அடங்கிவிடும். ஆக இரண்டு மீட்டரில் ஒரு கவுன். ஐந்தரை மீட்டர்ச் சேலையில் இரண்டு கவுன் போகவும் முந்தி மிஞ்சும்.

தாள் முடிந்ததும் நேராகச் சேலையில் கத்தரி வைக்காதீர்கள். காடாத் துணி, அதாவது வெளுக்காத சாதாப் பருத்தி, ஒரு மீட்டர் வாங்கி மேல்பாகத்தை மட்டும் வெட்டி, மெஷினில் பெரிய தையலாகவோ கையால் ஓட்டுத் தையலாகவோ இணைத்துப் போட்டுப் பாருங்கள். எங்கள் ஊர்த் தையல்காரர்கள் யாரும் இதைச் செய்வதில்லை, நேரமும் கிடையாது, கூலியும் கட்டாது, அவர்களைக் குறை சொல்ல முடியாது. நமக்கு நேரம் இருக்கிறது. காடா விலை குறைவு, நிறம் வெளிர் என்பதால் சுருக்கம் பளிச்சென்று தெரியும், அதன் மேலேயே பேனாவால் எழுதலாம்.

போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் கையைத் தொங்கவிட்டு நில்லுங்கள். துணியில் விழுகிற ஒவ்வொரு சுருக்கமும் ஒரு சேதி. இழுபட்ட சுருக்கம், அதாவது விறைப்பாக ஒரு புள்ளியை நோக்கி ஓடுகிற கோடு, இடம் பற்றவில்லை என்று சொல்கிறது, அது எந்தப் புள்ளியை நோக்கிப் போகிறதோ அங்கேதான் துணி வேண்டும். தொய்ந்த மடிப்பு அங்கே துணி கூடுதல் என்று சொல்கிறது. கழுத்தோரத்திலிருந்து அக்குளை நோக்கிச் சாய்வாகத் தொய்ந்தால் உங்கள் தோள் தாளில் இருப்பதைவிடச் சரிவு, தோள் தையலைக் கைப்பக்கம் மட்டும் கொஞ்சம் பிடித்து அதே அளவுக்குக் கைக்குழியைக் கீழே இறக்க வேண்டும். நிறையப் பேருக்கு இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை, எனக்கு வலது தோள் கால் அங்குலம் தாழ்வு. இரண்டுக்கும் தனித்தனிக் கோடு வரைந்துகொண்டேன். கழுத்து பின்னால் வழுக்கி முன்கழுத்து தொண்டையை அழுத்தினால் மேல்முதுகு கொஞ்சம் வளைவு என்று அர்த்தம், முதுகுப் பாகத்தின் உயரத்தைக் கூட்ட வேண்டும். நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்கிற, போன் பார்க்கிற நம் எல்லோருக்கும் இப்போது அந்த வளைவு வந்துவிட்டது. முன்பக்க அடி ஓரம் மேலே ஏறி, பக்கத் தையல் முன்னால் சாய்ந்தால் மார்புக்குத் துணி போதவில்லை.

அந்தக் கடைசிச் சங்கதியைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் தமிழில் இதை எழுதி நான் அதிகம் பார்த்ததில்லை. முன்பக்க மேல்பாகத்தின் தாள் பாதி உடம்புக்கானது, நடுவை மடிப்பில் வைத்து வெட்டுவோம், அதனால் எனக்கு வேண்டிய 2 அங்குலத்தில் தாளில் சேர்க்க வேண்டியது 1 அங்குலம். மார்பு முனை வருகிற இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அதிலிருந்து நேர் கீழே அடி ஓரம் வரைக்கும் ஒரு கோடு, கைக்குழியின் கீழ்ப்பாதிக்கு ஒரு சாய்கோடு, பக்க ஓரத்துக்கு ஒரு கோடு. அடியிலிருந்து வெட்டத் தொடங்கிப் புள்ளியைத் தொட்டு, நிறுத்தாமல் சாய்கோட்டில் ஏறி, கைக்குழி ஓரத்துக்கு ஒரு நூல் (அரைக்கால் அங்குலம்) இருக்கும்போது நிறுத்துங்கள். பக்கக் கோட்டையும் ஓரத்திலிருந்து உள்ளே வெட்டிப் புள்ளிக்கு ஒரு நூல் விட்டுவிடுங்கள். இப்போது தாள் கீல் வைத்த கதவு மாதிரி அசையும். அக்குள் பக்கத் துண்டை வெளியே தள்ளி, புள்ளிக்குக் கீழே வெட்டின இரண்டு விளிம்பும் 1 அங்குலம் விலகி இணையாக நிற்கும்படி வையுங்கள். பக்கத்தில் ஒரு முக்கோண வாய் தானாகத் திறந்திருக்கும், அதுதான் உங்கள் டார்ட், மார்பின் வளைவுக்காக மடித்துத் தைக்கிற பிடிப்பு. நடுத் துண்டு அடியில் குட்டையாகத் தெரியும், அதை மற்றதன் மட்டத்துக்கு நீட்டிக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு தாளை ஒட்டினால் முடிந்தது. தோள் தொடப்படவே இல்லை, கழுத்து தொடப்படவே இல்லை, மார்புக்கு அகலமும் உயரமும் கிடைத்துவிட்டது. அடியில் கூடின 1 அங்குலத்தை மார்புக்குக் கீழே சின்னச் சுருக்கமாகப் பிடித்துவிடலாம். டார்ட்டின் நுனி மார்பு முனையைத் தொடக் கூடாது, ஓர் அங்குலம் முன்னாலேயே முடிய வேண்டும், இல்லையென்றால் கூம்பாக நிற்கும்.

கழுத்து அகன்று வாய் பிளந்து நிற்பது இன்னொரு தொந்தரவு. நம் ஊரில் அதற்கு வைத்தியம் பின்கழுத்தில் டோரி, அதாவது கயிறு, கட்டுவது. அழகுக்காக டோரி வைப்பது வேறு, தோள் இறங்காமல் இருக்க டோரியை இழுத்துக் கட்டினால் கழுத்து நரம்பில் நாள் முழுக்க இழுவை. காடாவில் எவ்வளவு பிளக்கிறதோ அதைக் குண்டூசியால் பிடித்து, அந்த அளவைத் தாளில் கழுத்திலிருந்து மார்புப் புள்ளிக்கு ஓர் ஆப்பாக மடித்துவிடுங்கள், அந்தத் துணி டார்ட்டுக்குள் போய்ச் சேரும்.

கைக்குழி பற்றி ஒரு வார்த்தை, இதில் எனக்கு அழுத்தமான அபிப்பிராயம் இருக்கிறது. கை தூக்கச் சிரமமாக இருக்கிறது என்று சொன்னால் கைக்குழியை இன்னும் ஆழமாகத் தோண்டித் தருவார்கள். தோண்டத் தோண்டச் சிரமம் கூடத்தான் செய்யும். கை எவ்வளவு கீழே உடம்போடு இணைகிறதோ, கையைத் தூக்கும்போது அவ்வளவு துணியும் சேர்ந்து மேலே வரும். கைக்குழி அக்குளுக்கு அரை அங்குலம் முக்கால் அங்குலம் கீழேயே நின்று, கையின் புஜ அகலம் தாராளமாக இருந்தால் மேல் தட்டில் இருக்கிற சம்புடத்தைத் தாராளமாக எடுக்கலாம், கவுன் அசையாது. காடாவைப் போட்டுக்கொண்டு கையை மேலே தூக்கியும் குறுக்கே கட்டியும் குனிந்தும் உட்கார்ந்தும் பாருங்கள். மார்பில் மொத்தமாக 3 அங்குலம் லூஸ் வைத்தேன். சித்திரை வெயிலில் காற்று உள்ளே போய் வர வேண்டும், அதற்கு மேல் வைத்தால் நைட்டி ஆகிவிடும்.

வெட்ட எங்கள் வீட்டில் நல்ல இடம் முகப்பு. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, வழவழவென்று துணி சிக்காமல் நகரும், கல்லின் ஓரக் கோட்டோடு கரையைச் சேர்த்து வைத்தால் மூலைமட்டமே வேண்டியதில்லை. கட்டத் துணியில் முன்பாகத்தையும் பின்பாகத்தையும் ஒன்றாக மடித்து வெட்டினால் கட்டம் தப்பும், ஒவ்வொன்றாக ஒற்றைத் துணியில் வெட்டுங்கள். முன்பாகத்தின் நடுக்கோடு ஒரு கட்டத்தின் நடுவில் வர வேண்டும், பக்கத் தையலில் டார்ட்டுக்குக் கீழே இருந்து கட்டங்கள் சேர வேண்டும். டார்ட்டுக்கு மேலே சேராது, அதற்காக மெனக்கெட வேண்டாம். முன்பக்க உயரத்தில் கூட்டல் குறைத்தல் எது இருந்தாலும் பாவாடைப் பாகத்தின் மேல் ஓரத்தில் செய்துவிட வேண்டும், கரைப் பக்கம் கையே வைக்கக் கூடாது.

தையல் சீக்கிரம் முடிந்துவிடும். கனத்த பருத்திக்கு 14ஆம் நம்பர் ஊசி, தோள், டார்ட், கழுத்துக்குக் குறுக்குத் துணியில் பட்டி, கை, பக்கம், கடைசியில் சுருக்கி இணைத்த பாவாடை. அடியில் கரையே இருப்பதால் மடித்து அடிக்கிற வேலை இல்லை. தறித்துணி ஓரம் சீக்கிரம் பிரியும், ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் இல்லாத வீட்டில் முதலில் வெளிப்பக்கமாக ஒரு தையல், அப்புறம் திருப்பி உள்பக்கமாக இன்னொன்று என்று ஓரத்தை உள்ளே அடைத்துவிடலாம். பக்கத்தில் மட்டும் இதைச் செய்யவில்லை. அங்கே நம் ஜாக்கெட் தைக்கிறவர்களின் வழக்கம்தான் எனக்குப் பிடித்தது, ஒரு அங்குலத்துக்கு மேல் துணியை உள்ளே விட்டு, இரண்டு மூன்று தையல் வரிசையாக அடித்து வைப்பார்கள், உடம்பு கூடினால் ஒன்றைப் பிரித்தால் போதும். உலகத்தில் விற்கிற எந்த விலை உயர்ந்த ரெடிமேட் துணியிலும் இந்த அக்கறையை நான் பார்த்ததில்லை. அந்த ஓரத்தைக் கையால் சுற்றித் தைத்துவிட்டேன்.

பாக்கெட் கட்டாயம் வையுங்கள். கை நுழைய 6½ அங்குல வாய், சுருக்கத் தையலுக்கு நாலைந்து அங்குலம் கீழே, பை முன்பக்கமாகச் சாய்ந்து விழ வேண்டும். போன் கனத்துக்குத் தொங்காமல் இருக்கப் பையின் மேல் ஓரத்தைச் சுருக்கத் தையலோடு சேர்த்துப் பிடித்துவிடுங்கள்.

சேலையில் இன்னொரு கவுனுக்குத் துணி இருக்கிறது. அது தங்கச்சிக்கு. அவள் என்னைவிடத் தோள் அகலம், மார்பு குறைவு, மேல்மார்புக்கும் மார்புக்கும் ஒன்றரை அங்குலம்தான் வித்தியாசம், கழுத்தும் நீளம். என் தாளில் எதுவும் அவளுக்கு ஆகாது, டார்ட்டைத் திறக்கிறதற்குப் பதிலாகக் கொஞ்சம் மூட வேண்டியிருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை டேப்போடு வரச் சொல்லியிருக்கிறேன், காடா வாங்கி வைத்தாயிற்று.